சீட்டின் கீழ்ப்பாதி

பர்ச்சேஸ் மேடம் குறடால் ஒரு சோலின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது முதலாளி அறைக்குள் வந்தார். ஷூவை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருக்க, நாற்பத்தாறு வயது மனுஷி பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். முதலாளிக்கும் வந்தது. "விடுங்க மேடம், அது வராது. இப்பல்லாம் சோல்காரர் ஒழுங்காத்தான் அனுப்புறார்" என்றார். அவள் குறடை மேசையில் வைத்தாள். உண்மைதான், வராது. நாலு மாதமாக லோடுக்குப் பத்து ஜோடி எடுத்து, பசை பூசி ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் இப்படி மல்லுக்கட்டுகிறாள். ஒன்றுகூடப் பிய்ந்து வரவில்லை. ஒன்றாவது வந்து தொலையக் கூடாதா என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொள்வது மட்டும் யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு சோல் தானாகப் பிய்ந்தால் போதும், அந்த ஆளின் சரக்கிலும் கோளாறு உண்டு என்று ஆகும், அவள் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

முதலாளி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தால் ஏதோ பெரிய யோசனை என்று அர்த்தம். "வெள்ளிக்கிழமை நம்ம சப்ளையர் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வச்சிருக்கேன். பக்கிள்காரர், நூல்காரர், அட்டைப்பெட்டிக்காரர், எல்லாரும் வருவாங்க. நீங்க ஒரு இருபது நிமிஷம் பேசணும். சப்ளையர்கிட்ட எப்படி நம்பிக்கையை வளக்குறதுன்னு. நம்ம கம்பெனில அதைப் பேச உங்களைவிட யாருக்கு யோக்கியதை இருக்கு?" அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இருங்க, முக்கியமான விஷயம் இன்னும் இருக்கு. சோல்காரருக்கு ஒரு ஸ்பெஷல் ஷீல்டு. தப்பை நேர்மையா ஒத்துக்கிட்டுத் திருத்திக்கிட்டவர்னு. நீங்களே நேர்ல போய்க் கூப்பிட்டுட்டு வந்துடுங்க. ஃபோன்ல சொன்னா மரியாதையா இருக்காது."

அவர் போன பிறகும் அவள் முழங்கால்களுக்கு நடுவே ஷூ அப்படியே இருந்தது. யோக்கியதை என்ற வார்த்தையை மனுஷன் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

கதையை ஆறு வருஷம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும். அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கறுப்பு ஷூ செய்கிற கம்பெனி. ஊசி முதல் சோல் வரை வெளியில் இருந்து வாங்குகிற அத்தனைக்கும் அவள்தான் பொறுப்பு. சோல்காரர் அப்போது புதிது. முதல் லோடு வந்த அன்றே வேனோடு தானும் வந்து இறங்கினார். நெட்டையான ஆள், நிற்கும்போது வாசல் இடிக்கும் என்று எப்போதும் கொஞ்சம் குனிந்தே நிற்பார். ஒரு மூட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, "இதுல நாப்பது ஜோடி கறுப்பு கொஞ்சம் மங்கல் மேடம். நீங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு வந்தேன்" என்றார். பதினெட்டு வருஷ வேலையில் இப்படி ஒருவரை அவள் பார்த்ததே இல்லை. வருகிற சப்ளையர்கள் எல்லாம் தங்கமே செய்து தருவதாகத்தான் சத்தியம் பண்ணுவார்கள், மூட்டையைப் பிரித்தால் தெரியும் லட்சணம். அவளுக்கு அந்த ஆளை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. "அண்ணே, இனிமே இப்படியே செய்யுங்க. என்ன குறை இருந்தாலும் ஒரு சீட்டுல எழுதி என் கையில குடுத்துடுங்க. முன்னாடியே சொன்ன குறைக்கு நான் சரக்கைத் திருப்ப மாட்டேன், ஒரு பைசா பிடிக்க மாட்டேன். எழுதாம விட்டதை நான் கண்டுபிடிச்சா மட்டும் சண்டை" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அன்றிலிருந்து சோல்காரரின் மூட்டைகளை யாரும் பிரித்துச் சோதித்ததில்லை. வேன் வரும், மூட்டை நேராக ஒட்டுகிற பகுதிக்குப் போகும், சீட்டு அவள் மேசைக்கு வரும். கோடு போட்ட நோட்டில் பாதித் தாள். எப்போதும் இரண்டே சங்கதிதான் இருக்கும். மேலே குறை, கீழே அதற்கு என்ன செய்யலாம் என்று அவர் யோசனை. 'எட்டாம் நம்பர் குதிகால் ஒரு நூல் உயரம். ஜோடி மாறாமல் பார்த்துக்கொள்ளவும்.' சில நாள் மேலே ஒன்றும் இருக்காது, கீழே 'இந்த முறை நானே அசந்துபோனேன், அவ்வளவு நல்லா வந்திருக்கு' என்று இருக்கும். அவள் அதைப் படித்துவிட்டு மத்தியானம் வரை சிரித்த முகமாக இருப்பாள். இதை முதலாளி போகிற இடத்தில் எல்லாம் பெருமையடிப்பார். எங்க சப்ளையர் எங்க குடும்பம், எங்க கம்பெனில செக்கிங்கே கிடையாது என்று அவர் பேசும்போது பக்கத்தில் அவள் அடக்கமாக நிற்பாள். அடக்கம் எல்லாம் வெளியே, உள்ளே தலைகால் புரியாத பெருமை.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால், கம்பெனியே பேய் பிடித்த மாதிரி ஓடிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தச் சீட்டு வந்தது. வழக்கமாக சோல் ஒட்டுகிற பக்கத்தை சோல்காரரே தன் பட்டறையில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி அனுப்புவார். வழுவழுவென்று இருந்தால் பசை பிடிக்காது. அந்த வாரம் அவர் தேய்க்கிற மெஷின் படுத்துவிட்டது. இங்கேயோ அவசரம், ஃபோன் மேல் ஃபோன். அதனால் அவர் எழுதியிருந்தார்: 'சிவப்புக் கயிறு கட்டிய ஆறு மூட்டை மட்டும் மேல்பக்கம் வழுவழுப்பு.' கீழே: 'உங்கள் பக்கம் ஒரு தேய்ப்பு போட்டு ஒட்டவும். கண்டிப்பாக.' அவள் படித்தாள். ஒட்டுகிற பகுதி மேஸ்திரியிடம் கொடுக்க எழுந்தாள். அப்போதுதான் பக்கிள் லோடு வந்துவிட்டதாகக் கேட்டிலிருந்து கூப்பிட்டார்கள். மறக்கக் கூடாதே என்று சீட்டை இரண்டாக மடித்துக் கண்ணாடிக் கூட்டில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் கண்ணில் படும், வருஷக்கணக்கில் அவளுக்குக் கைகொடுத்த தந்திரம் அது. ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான் கிட்டப் பார்வைக்கும் எட்டப் பார்வைக்கும் சேர்த்து ஒரே கண்ணாடியாகப் புதிதாக மாற்றியிருந்தாள். கழற்ற வேண்டிய வேலையே இல்லை. கூடு கைப்பையின் அடியில் கிடந்தது. பதினோரு நாள் கழித்து வீட்டில் கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடித் திறந்தபோது சீட்டு மடியில் விழுந்தது. அதற்குள் ஆறு மூட்டையும் தேய்க்காமல் ஒட்டப்பட்டு, பெட்டி கட்டி, லாரியில் போய்ச் சேர்ந்துவிட்டன.

அவள் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். அறுநூறு ஜோடிதானே, கடையில்தானே இருக்கிறது, இன்னும் எந்தப் பிள்ளையின் காலுக்கும் போகவில்லையே. கணவர்கூட, "என்ன முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். தலைவலி என்றாள். ஒருவேளை பிடித்துக்கொள்ளும், பசை நல்ல பசை, நாமே எதற்கு ஊரைக் கூட்டுவது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது வாரம், வாய் பிளந்த ஷூக்கள் மூன்று மூட்டையாகத் திரும்பி வந்து முதலாளி அறையில் கொட்டப்பட்டன. எந்தெந்தப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் எல்லார் முன்னாலும் காலை இழுத்து இழுத்து நடந்தார்களோ என்று அவள் ஒவ்வொரு ஷூவாகப் பார்த்தாள். முதலாளி முகம் சிவந்து, "யார் பக்கம் கோளாறு? எனக்கு இப்பவே தெரியணும். எவனா இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார். அவள் கை தானாகக் கைப்பைக்குள் போயிற்று. "சோல் வழுவழுப்பா இருந்திருக்கு சார். அவரே எழுதிக் குடுத்திருக்கார்" என்று சீட்டை நீட்டினாள். மடித்தது மடித்தபடியே நீட்டினாள். மேல்பாதி மட்டும் தெரிந்தது. முதலாளி அதைப் பிரிக்கவில்லை. "கைப்பட எழுதியிருக்காரா? அப்ப பேச்சே இல்ல" என்று சீட்டை மேசையில் தட்டி வைத்தார். அவர் பிரித்திருந்தால் எல்லாம் சொல்லியிருப்பேன், எப்போது வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொட்டியிருப்பேன் என்று இந்த நாலு மாதத்தில் நூறு தரம் நினைத்திருப்பாள். பொய். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அது அவளுக்கே நன்றாகத் தெரியும்.

சோல்காரரை வரவழைத்தார்கள். முதலாளி அரைமணி நேரம் கத்தினார். அந்த ஆள் நின்றபடியே, பிய்ந்த சோல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். முதலாளிக்கு நடுவில் ஃபோன் வந்து அவர் ஜன்னல் பக்கம் திரும்பியபோது, சோல்காரர் அவளிடம் தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒரு தேய்ப்பு போட்டாங்களா மேடம்?"

"போட்டாங்க" என்றாள்.

எப்படித்தான் வாய் வந்ததோ. அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சோலை மூட்டைக்குள் போட்டார். "தேய்ச்சும் வந்துடுச்சுன்னா கலவைலதான் கோளாறு. அப்ப எங்க பக்கந்தான்" என்று சொல்லி மூன்று மூட்டையையும் தானே சுமந்து வேனில் ஏற்றினார். அறுநூறு ஜோடிக்கும் புது சோல் செய்து கொடுத்தார். தான் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார், ஆறு வருஷ நம்பிக்கை அப்படிப்பட்டது என்று அவள் நினைத்தாள். அதுதான் அவளை அறுத்தது. எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அதன் பிறகு சீட்டு வருவது நின்றது. 'சோதிக்கப்பட்டது, குறை ஏதுமில்லை' என்று ஓர் அச்சடித்த தாள் வரத் தொடங்கியது. முதலாளி உத்தரவுப்படி அவள் குறடு பிடிக்கத் தொடங்கினாள். போன மாதம் வேன் டிரைவர் மூட்டை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார், ரப்பர் கலவை போடுகிற மச்சான் இப்போது இல்லையாம். சோல்காரரின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி, பதினாலு வருஷமாக அந்தப் பட்டறையில் கலவை அவன் கைதான். "கலவை கெட்டுப்போச்சுன்னு பெரிய சண்டை. அக்காவே போடான்னு வாசலைக் காட்டிட்டாங்க. பாவம், எங்க போனான்னே தெரியல" என்று சொல்லி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அன்று அவள் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பியது. ஒரு துண்டுத் தாளை மடித்து வைத்ததற்கு ஓர் ஆளின் பதினாலு வருஷம் போய்விட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சோல்காரரிடம்தான் சொல்ல வேண்டும். முதலாளி பேச்சைக் கேட்ட ராத்திரி உரை எழுத உட்கார்ந்து, 'நம்பிக்கை என்பது' என்று மூன்று தரம் எழுதி மூன்று தரம் கிழித்த பிறகு அவள் முடிவு பண்ணினாள். முதலில் அவரிடம், பிறகு முதலாளியிடம். வேலை போனால் போகட்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அழைப்பிதழைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலில் இறங்கினாள். ஆறு வருஷத்தில் இங்கே வந்தது இரண்டே முறை. தகரக் கூரை போட்ட நீளமான கூடம். இடது பக்கம் சூடான அச்சு மெஷின்கள் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன, வலது பக்கம் செய்து முடித்த சோல்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ரப்பர் வாசனை கண்ணை எரித்தது. கோடியில் இரண்டு பெரிய உருளைகள் எதிரெதிரே சுற்ற, நடுவில் கறுப்பு ரப்பர் நசுங்கி வெளியே வந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் நின்றது ஒரு பெண். முழங்கை வரை கரி, மூக்கில் துணி கட்டியிருந்தாள். அது கலவைக்காரன் நிற்க வேண்டிய இடம் என்று யாரும் சொல்லாமலே மேடத்துக்குப் புரிந்தது.

சோல்காரர் ஓடி வந்தார். "வாங்க மேடம், வாங்க. சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே" என்று கூடத்தின் ஓரத்தில் இருந்த கண்ணாடித் தடுப்பு அறைக்குக் கூட்டிப்போனார். நாற்காலியைத் தன் துண்டால் துடைத்துப் போட்டார். அந்தத் துடைப்பே அவளுக்குச் செருப்படி மாதிரி இருந்தது. அழைப்பிதழை மேசையில் வைத்தாள். ஷீல்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் அழைப்பிதழை இரண்டு கையாலும் வாங்கி, படித்து, "சந்தோஷம் மேடம்" என்றார். அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, வேறு எதுவும் இல்லை.

இனி சொல்லவில்லை என்றால் எப்போதுமே சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அண்ணே, அன்னைக்கு ஒரு தேய்ப்பு போட்டாங்களான்னு கேட்டீங்களே. போடல. சீட்டை நான் மேஸ்திரிகிட்ட குடுக்கவே இல்ல, கண்ணாடிக் கூட்டுல வச்சு மறந்துட்டேன். மொதலாளிகிட்டயும் மேல்பாதியைத்தான் காட்டினேன்." ஒரே மூச்சில் சொன்னாள். "உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

அவர் அதிர்ச்சி அடையவில்லை. அழைப்பிதழை மறுபடி உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார், உறை சின்னது, ஓரம் மடங்கியது, அதை நிமிர்த்திவிட்டுத் திரும்பவும் போட்டார். "தெரியும் மேடம்" என்றார்.

"தெரியுமா?"

"கையிலதான வச்சிருந்தேன். தேய்ச்ச சோலா, தேய்க்காத சோலான்னு தடவினாலே தெரியாதா? இதுகூடத் தெரியலன்னா நான் என்ன சோல்காரன்? பசை அப்படியே தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. அடியில ஒரு கீறல் இல்ல."

"அப்ப ஏன் என்கிட்ட கேட்டீங்க?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு மாதமாக அவர் தன்னை நம்பி ஏமாந்தார் என்று நினைத்து நினைத்து உருகியிருக்கிறாள். அவரோ அன்றைக்கே அவளை எடை போட்டு முடித்துவிட்டார். "அங்கேயே சொல்லியிருக்கலாமே அண்ணே. மொதலாளி முன்னாடியே சோலைத் தடவிக் காட்டியிருக்கலாமே" என்றாள். கேட்கும்போதே அது எவ்வளவு மோசமான கேள்வி என்று தெரிந்தது.

"சொல்லி? உங்களுக்கு நான் இல்லன்னா நாளைக்கே நாலு சோல்காரன் வந்து நிப்பான். எனக்கு உங்க கம்பெனி ஒண்ணுதான். பத்துல எட்டு மெஷின் உங்களுக்காக ஓடுது." அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சீட்டு எழுதுற பழக்கம் உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு, எழுதினேன். நீங்க எனக்கு எழுதினதில்லையே மேடம். உங்க பக்கம் ஒரு குறைன்னு ஆறு வருஷத்துல ஒரு சீட்டு வந்துச்சா?"

அப்படி ஒன்று உண்டு என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை. "நான் வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். மொதலாளி என்ன பண்ணினாலும் சரி" என்றாள்.

"ஐயையோ, வேண்டாம்." முதல் முறையாக அவர் முகம் மாறியது. "சொன்னா உங்க மனசு லேசாயிடும். அப்புறம்? உங்களை அனுப்பிடுவார். உங்க எடத்துக்குப் புதுசா ஒருத்தர் வருவாங்க, வரும்போதே அவங்களுக்குத் தெரிஞ்ச சோல்காரனைக் கையோட கூட்டிட்டு வருவாங்க. நான் என்ன செய்யறது? இப்படியே இருக்கட்டும் மேடம். ஷீல்டுதான, குடுங்க, வாங்கிக்கறேன். போட்டோ எடுத்தாச் சிரிக்கறேன்."

"உங்க மச்சான்?"

அவர் சட்டென்று கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்தார். உருளைகள் சுற்றிக்கொண்டிருந்தன. "மெதுவா பேசுங்க. என் வீட்டுக்காரிக்குத் தெரியாது" என்றார். "தெரிஞ்சா விடமாட்டா. நேரா உங்க கேட்ல வந்து நிப்பா, அப்படிப்பட்டவ. அதான் கலவைன்னு சொன்னேன். ரெண்டு பேரும் அடிச்சுக்குவாங்க, பத்து நாள்ல சேந்துக்குவாங்க, எப்பவும் அப்படித்தான்னு நெனச்சேன். அவன் இவ்வளவு ரோஷமா போவான்னு நான் கண்டேனா?" அவர் நெற்றியை அழுத்தித் தேய்த்துக்கொண்டார். நாலு மாதமாகத் தன்னைத் தவிர வேறு யாருக்கும் இது உறுத்தவில்லை என்று நினைத்திருந்தாள். இந்த ஆளும் ராத்திரி படுத்துத் தூங்கியிருக்க மாட்டார் போலிருந்தது.

கதவு திறந்தது. அவர் மனைவி இரண்டு டம்ளரில் டீயுடன் நின்றாள். முகத்தைக் கழுவியிருந்தாள், காதோரம் மட்டும் கரி மிச்சம். டீயை வைத்துவிட்டுப் போகவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ரொம்ப நாளாகச் சொல்ல வைத்திருந்ததைச் சொல்கிற மாதிரி.

"மேடம், நானே ஒரு நாள் வந்து உங்களைப் பாக்கணும்னு இருந்தேன். எங்க பக்கம் அவ்வளவு பெரிய தப்பு நடந்தும் நீங்க எங்களை விட்டுடல. வேற எடமா இருந்தா அன்னைக்கே கணக்கு முடிச்சிருப்பாங்க. இவர் சொன்னார், மேடம் பேசினதாலதான் ஆர்டர் நிலைச்சு நிக்குதுன்னு."

மேடம் சோல்காரரைப் பார்த்தாள். அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தம்பிதான்" என்றாள் அந்தப் பெண். "நான் தூக்கி வளத்தவன். கடைசி வரைக்கும், அக்கா, கலவை சரியாத்தான் இருக்கு, என் கை எனக்குத் தெரியாதான்னு சொல்லிக்கிட்டே நின்னான். நான் கேக்கல. வீட்டுக்காரர் தலைகுனிஞ்சு வந்து நின்ன கோபம் எனக்கு. பச்சப் புள்ளைங்க கால்ல போடற பொருள்ல கூடவா பொறுப்பு இருக்காதுன்னு கேட்டேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தான், பாதில எழுந்து போயிட்டான்." டம்ளர்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள். "அவன் பண்ணினது தப்புதான். ஆனா சாப்பிட்ட பிறகாவது நான் சொல்லியிருக்கலாம்."

சோல்காரர் இப்போது மேடத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் தலை மிக லேசாக அசைந்தது. அவரிடம் ஏற்கனவே ஒரு துரோகம் செய்திருக்கிறாள், இப்போது வாயைத் திறந்தால் இரண்டாவது. திறக்காவிட்டால் இந்த அக்காவுக்கும் அந்தத் தம்பிக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் அடிபடுகிறார்கள், அடிக்கிற கை மட்டும் அவளுடையதாகவே இருக்கிறது. அந்த நிமிஷத்தில் தான் யாருக்காகப் பேசினோம், முகம் தெரியாத அந்தத் தம்பிக்காகவா, இல்லை தன் நெஞ்சில் இருந்ததை இறக்கி வைத்துவிட வேண்டும் என்ற சுயநலத்துக்காகவா என்று அவளால் பிறகும் சொல்ல முடியவில்லை.

"உங்க தம்பி தப்பு பண்ணலம்மா" என்றாள். "கலவை சரியாத்தான் இருந்துச்சு. தேய்க்காம ஒட்டினது நாங்க. இவர் சீட்டு எழுதிக் குடுத்தார், நான் மறந்துட்டேன். கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு உடனே விளங்கவில்லை. யாரோ வீடு மாறி வந்து முகவரி கேட்டது போல மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. மேடம் கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தாள். திட்டட்டும், டீயை எடுத்து மேலே ஊற்றட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தாள். ஆனால் அந்தப் பெண் அவளைத் திட்டவில்லை. அவள் பக்கம் திரும்பவே இல்லை. கணவனைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் டம்ளரை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். அவ்வளவு உயரமான மனுஷன் நாற்காலியில் சின்னதாகிப் போயிருந்தார். "தொழில் நிலைக்கணுமேன்னு" என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை.

அவர் மனைவி திரும்பி வெளியே போனாள். உருளைகளின் சத்தம் நின்றது. அதை நிறுத்தியதும் கூடமே காது அடைத்த மாதிரி ஆயிற்று, அச்சு மெஷின் பக்கம் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஃபோனோடு திரும்பி வந்தாள். விரல் நுனியில் இருந்த கரியால், தொட்டும் திரை அசையவில்லை. ஒரு பழைய துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டு மறுபடி தம்பியின் நம்பரைத் தொட்டாள். காதில் வைக்காமல், ஒலிபெருக்கியைப் போட்டு மேசை மேல் சோல்களுக்கு நடுவே வைத்தாள்.

அடித்தது. முழுவதும் அடித்து ஓய்ந்தது. அவள் மறுபடி அழுத்தினாள். சோல்காரர் எழுந்து நின்றார். மேடமும் எழுந்திருந்தாள், எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஷீல்டு அழைப்பிதழின் மேல் டீ கொஞ்சம் சிந்தியிருந்தது, யாரும் அதை எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் ஓய்ந்தது. மூன்றாவது முறை அடிக்கத் தொடங்கியபோது மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், முதல் மணி, இரண்டாவது மணி, மூன்றாவது மணி என்று.